மேற்கோள் பட்டியல் வடிவத்தில் இல்லை என்று கட்டுரை திரும்பி வந்துவிட்டது

கேள்வி: தேவகோட்டை மருத்துவர், ஜனவரி 8

பாம்புக்கடி நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதி ஓர் இந்திய ஆய்விதழுக்கு அனுப்பினேன். நான்காம் நாளே திரும்பிவிட்டது. 'மேற்கோள்கள் இதழின் வடிவத்தில் இல்லை' என்று ஒற்றை வரி. கட்டுரையை யாரும் படிக்கவே இல்லை. மொத்தம் 34 மேற்கோள்கள், எல்லாம் கையால் தட்டியவை. இரவுப் பணி முடித்து வந்து அரைப்புள்ளி போடுவதுதான் மருத்துவமா? இதைச் செய்து கொடுக்கும் ஆள் காரைக்குடிப் பக்கம் யாராவது உண்டா? பட்டியலை ஏஐயிடம் கொடுத்தால் நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிடும் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

ஜனவரி 8, இரவு 9.50

ஆள் உண்டு, நான்தான். செக்காலை ரோட்டில் தட்டச்சு நிலையமாகத் தொடங்கிக் கணினிக் கடையாக மாறிய இடத்தில் ஆய்வேடுகளை அடித்துக் கொடுத்தே தலை நரைத்தவள். முதலில் பல்கலைக்கழகப் பிள்ளைகள், பிறகு சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) ஆய்வாளர்கள், இப்போது டாக்டர்கள். ஆனாலும் உங்கள் 34 மேற்கோளை நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை, தம்பி. ஒருமுறை நீங்களே சரியான வழியில் செய்துவிட்டால் அப்புறம் யாரிடமும் போய் நிற்க வேண்டியிராது.

அந்த இதழின் 'ஆசிரியர்களுக்கான அறிவுரை'ப் பக்கத்தைப் படித்தீர்களா? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் படித்ததில்லை. படித்தாலும் போதாது. இதழில் அண்மையில் வந்த கட்டுரை ஒன்றை இறக்கி அதன் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். அறிவுரைப் பக்கத்தைப் புதுப்பிக்க ஆசிரியர் குழு மறந்திருக்கலாம். அச்சில் வந்த பட்டியலில் இன்றைய நடைமுறை தெரிந்துவிடும்.

மருத்துவ இதழ்களில் பெரும்பாலானவை வான்கூவர் முறையைச் சேர்ந்தவை. பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு வடிவம் கேட்டு எழுதுகிறவரை வதைப்பதை நிறுத்தவே அந்தக் கூட்டம். 1979இல் விதிகள் வெளிவந்தன. அந்தக் குழுதான் வளர்ந்து இன்றைய ஐசிஎம்ஜேஇ, அதாவது சர்வதேச மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழு, ஆனது. மேற்கோளின் வடிவத்தை வகுத்துக் கொடுத்தது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம். இவ்வளவும் ஒற்றுமைக்காக நடந்தது. இன்றைக்கோ இதழுக்கு ஒரு வான்கூவர் இருக்கிறது.

அடிப்படை மட்டும் எங்கும் ஒன்றுதான். கட்டுரையில் முதலில் எடுத்தாளப்படுவது 1, அடுத்தது 2. அகர வரிசை கிடையாது. 3ஆம் எண்ணை நான்கு பக்கம் தள்ளி மறுபடி எடுத்தாண்டால் அங்கேயும் 3தான். என் அப்பச்சி, அதாவது தகப்பனார், மலாயாக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேரேட்டுப் பக்க எண் இருக்க வேண்டும், பேரேட்டில் இருப்பது குறிப்பேட்டில் இல்லாமல் போகக் கூடாது என்பார். உங்கள் கட்டுரைக்கும் பட்டியலுக்கும் உள்ள உறவும் அதுதான். கட்டுரையின் உடம்பில் எண் இல்லாத மேற்கோள் பட்டியலில் இருக்கக் கூடாது, பட்டியலில் இல்லாத எண் உடம்பில் இருக்கக் கூடாது.

கையால் தட்டாதீர்கள். கையால் எண் போட்டவர் நடுவில் ஒன்றைச் செருகினால் மீதி அத்தனையையும் திருத்த வேண்டும். ஸோட்டெரோ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம், 2006இலிருந்து இருக்கிறது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பிஎம்ஐடி என்று ஓர் எண் இருக்கும். அதை ஸோட்டெரோவில் மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி ஒட்டினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு வேர்டில் எடுத்தாளும் இடத்தில் செருகுங்கள். வடிவத்தை மாற்ற வேண்டுமா? பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் அதற்குத் தெரியும். உங்கள் இதழின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் 34 வரியும் ஒரு நொடியில் மாறிவிடும்.

ஏஐ பற்றிப் பிறகு எழுதுகிறேன். கோபம் வரும் விஷயம், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.

ஜனவரி 9, காலை 6.15

தம்பி தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில். எத்தனை ஆசிரியர் பெயர் போடுவது என்பது இதழைப் பொறுத்தது. ஐசிஎம்ஜேஇ மாதிரிகளில் முதல் ஆறு பேர், பிறகு 'எட் ஆல்', அதாவது 'மற்றும் பலர்'. தேசிய மருத்துவ நூலகம் இப்போது எல்லோரையும் போடுகிறது. லான்செட்டிலும் நியூ இங்கிலாந்து ஜர்னலிலும் ஆறு பேர் வரை எல்லோரும், ஏழு ஆகிவிட்டால் மூன்று பேர் மட்டும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடையும் அப்படியே. ஏழாவதாக ஓர் ஆள் வந்ததால் மூன்று பேர் வெளியே போகும் விந்தையை வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பக்க எண்ணிலும் சண்டை உண்டு. வான்கூவரில் 284-7, அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் 284-287.

ஜனவரி 9, இரவு 10.20

'ஒரே ஒரு மேற்கோளைப் பிரித்துக் காட்டுங்கள் ஆச்சி, விதியாகச் சொன்னால் மண்டையில் ஏறவில்லை' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தம்பியின் கட்டுரை பாம்புக்கடி பற்றியது என்பதால் அதிலிருந்தே எடுக்கிறேன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தொடாமல் போக மாட்டார்கள்.

மொஹபாத்ரா பி, வாரல் டிஏ, சுரவீரா டபிள்யூ, பாட்டியா பி, திங்ரா என், ஜோட்கர் ஆர்எம், எட் ஆல். [இங்கே கட்டுரைத் தலைப்பு]. பிளாஸ் நெக்ல் டிராப் டிஸ். 2011;5(4):இ1018.

குடும்பப் பெயர் முன்னே, முதலெழுத்துகள் பின்னே. இரண்டுக்கும் நடுவில் காற்புள்ளி கிடையாது, முதலெழுத்துகளுக்குப் புள்ளியும் கிடையாது. தலைப்பில் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து. இதழின் பெயர் சுருக்கமாக. சுருக்கத்தை நீங்களாக உண்டாக்கக் கூடாது, மருத்துவ நூலகப் பட்டியலில் உள்ளதைத்தான் போட வேண்டும். லான்செட் மாதிரி ஒற்றைச் சொல் பெயராக இருந்தால் சுருக்கமே இல்லை. அதற்குப் பிறகு ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, அடைப்புக்குள் இதழ் எண், முக்காற்புள்ளி, பக்கம். இந்தக் கடைசிக் கொத்தில் எங்கேயும் இடைவெளி விடக் கூடாது.

கடைசியில் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இ1018 என்றிருப்பதைக் கவனியுங்கள். இணையத்தில் மட்டும் வரும் இதழுக்குப் பக்கம் ஏது? கட்டுரைக்கு ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். பக்கம் விடுபட்டுவிட்டது என்று நினைத்து, பிடிஎஃப் கோப்பில் எண்ணிப் பார்த்து 1-8 என்று போட்டுக் கொண்டு வருகிறவர்கள் உண்டு.

இன்னொன்று. இந்தக் கட்டுரைக்குப் பத்து ஆசிரியர்கள். ஒன்பதாவது பெயர் ராமுலஸ் விட்டேகர். சென்னைப் பாம்புப் பண்ணையையும் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தையும் அறிந்த எவருக்கும் தெரிந்த பெயர். ஆறு பேர் விதியில் அவர் 'எட் ஆல்' ஆகிவிட்டார்.

ஜனவரி 10, காலை 5.40

நேற்று எழுதியதைப் படித்தபோது தோன்றியது. அந்த மேற்கோளை எல்லோரும் போடுகிறார்கள், சரி, எதற்காகப் போடுகிறார்கள்? 'இந்தியாவில் ஆண்டுதோறும் 45,900 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள்' என்ற வாக்கியத்துக்கு. கட்டுரை சொல்வது 2005ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. அந்தக் குழுவினரில் சிலர் சேர்ந்து எழுதி 2020இல் இ-லைஃப் இதழில் வந்த அடுத்த ஆய்வு, 2000 முதல் 2019 வரை ஏறக்குறைய 12 லட்சம் சாவுகள், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்கிறது. தம்பி, உங்கள் முதல் பத்தியில் எந்த எண் இருக்கிறது? பதில் இங்கே எழுத வேண்டாம், திருத்திவிடுங்கள்.

ஜனவரி 11, மாலை 4.30

பெயர் பற்றி எழுதாமல் இந்த இழை முடியாது. மற்ற ஊர்க்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். செட்டிநாட்டு டாக்டர்கள் போகக் கூடாது.

வெள்ளைக்காரன் அமைப்பில் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. நமக்கு இல்லை. நம் பெயர் ஒன்று, முன்னே தகப்பனார் பெயரின் எழுத்து. அதிலும் நம் பக்கத்து எழுத்து ஓரெழுத்தோடு நிற்பதில்லை. ராம., அழ., சித., அரு. என்று வரும். ஒன்றுக்கு மூன்றாக அடுக்குகிற குடும்பங்கள் உண்டு. ராம. அழகப்பச் செட்டியார் பெயரில் இருக்கும் 'ராம.' தந்தை இராமநாதன் பெயரின் சுருக்கம். ஆங்கிலத்தில் 'ஆர்எம்.' என்று எழுதுகிறோம். ஓர் ஆளின் ஒரு பெயர் அது. இப்போது மேலே நான் போட்ட மேற்கோளில் ஜோட்கர் ஆர்எம் இருக்கிறாரே, அங்கே ஆர் ஒரு பெயர், எம் இன்னொரு பெயர் என்றுதான் உலகம் படிக்கும். நம் அழகப்பனையும் அப்படியே படிக்கும். மூன்று எழுத்துக் கட்டு உள்ளவர் நிலைமை இன்னும் மோசம். மருத்துவ நூலக விதிப்படி முதலெழுத்து இரண்டுக்கு மேல் கிடையாது. மீதியை வெட்டிவிடுவார்கள்.

இது பாதிக் கதைதான். இதழின் படிவத்தில் முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் கடைப்பெயராக இருக்கிறது என்று அங்கேயும் அதையே நிரப்புகிறார்கள். விளைவு, மெய்யப்பன் எழுதிய கட்டுரை அவர் தந்தை சொக்கலிங்கத்தின் பெயரில் பப்மெட்டில் ஏறுகிறது. அடுத்த கட்டுரைக்கு அவரே மாற்றி நிரப்புகிறார், அது மெய்யப்பன் பெயரில் ஏறுகிறது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைக் காட்ட வேண்டிய நேரத்தில் பாதி மகன் பெயரில், பாதி அப்பச்சி பெயரில். என்னிடம் வந்த ஒருவரின் தகப்பனார் பலசரக்கு மண்டி வைத்திருந்தவர். அவருக்குக் கூகுள் ஸ்காலரில் ஹெச்-இண்டெக்ஸ், அதாவது ஆய்வாளருக்கான மேற்கோள் மதிப்பெண், இருக்கிறது.

செய்ய வேண்டியது: முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரைக் கடைப்பெயர்க் கட்டத்தில் போடுங்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் ஒன்று வாங்குங்கள். 2012இலிருந்து கொடுக்கிறார்கள், 16 இலக்கம், காசில்லை. எழுத்து எப்படிச் சிதைந்தாலும் அந்த எண் உங்களோடு இருக்கும்.

மற்றவரை எடுத்தாளும்போது நீங்களும் அதே கொடுமையைச் செய்யாதீர்கள். ஸோட்டெரோ கொண்டுவந்து தருவதைக் கண்ணை மூடி ஏற்காமல், தமிழ்ப் பெயராக இருந்தால் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். ஆனால் பப்மெட்டில் இருப்பதை மீறி நீங்களாகத் திருப்பிப் போட வேண்டாம். தேடுகிறவருக்குக் கிடைக்காமல் போய்விடும். இதைச் சொல்ல எனக்கே கசக்கிறது.

ஜனவரி 12, இரவு 8.00

மேலே 'நீங்களாகத் திருப்பிப் போட வேண்டாம்' என்றதற்கு இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் மானம் மரியாதை என்கிறார். மரியாதை முக்கியம்தான். ஆனால் மேற்கோளின் வேலை படிக்கிறவரை அந்தக் கட்டுரையின் வாசலில் கொண்டுபோய் விடுவது. எழுதியவருக்குத் தன் பெயர் தவறாக ஏறியது உறுத்தினால் இதழுக்கு எழுதித் திருத்தம் கேட்கலாம். திருத்தம் போடுகிறார்கள்.

ஜனவரி 13, மதியம்

சித்த மருத்துவர் ஒருவரின் கேள்வி: பழைய தமிழ் வைத்திய நூலை ஆங்கில மருத்துவ இதழில் எப்படிக் காட்டுவது?

ஆசிரியர் பெயர் ரோமன் எழுத்தில். நூல் பெயரும் ரோமன் எழுத்தில், பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருள். பிறகு ஊர், முக்காற்புள்ளி, அச்சகம் அல்லது பதிப்பகம், அரைப்புள்ளி, ஆண்டு. கடைசியில் மொழி தமிழ் என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

தகராறு ஆண்டில்தான் வரும். பழைய நூல்களின் முகப்பில் சில வேளை வருஷப் பெயர் மட்டும் இருக்கும். விரோதிகிருது என்று போட்டிருந்தால் அது 1851-52ஆ, 1911-12ஆ? அறுபது ஆண்டுச் சக்கரம் யாருக்கும் காத்திருப்பதில்லை. அச்சகத்தின் பெயர், விலை, முன்னுரை எழுதியவர் காலம் எதையாவது கொண்டு ஊகிக்க வேண்டும். ஊகம் என்றால் சதுர அடைப்புக்குள் ஆண்டைப் போட்டுக் கேள்விக்குறி சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. ஊகத்தை உறுதி போல எழுதாதீர்கள்.

நூல் கையில் இல்லை என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடுங்கள். இன்று இருப்பது சென்னையில். ஆனால் மூலம் நம் கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர் வீடு நிறையப் புத்தகம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் நூலகமாக ஆனது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்ததைப் பார்க்க இப்போது ரயிலேற வேண்டியிருக்கிறது.

பொங்கல் முடிந்து வருகிறேன்.

ஜனவரி 18, இரவு 9.00

ஏஐ. நிதானமாகவே எழுதுகிறேன்.

பட்டியலைக் கொடுத்து வடிவம் மாற்றச் சொன்னால் மாற்றும். பார்க்க அழகாக இருக்கும். அதில்தான் ஆபத்து. உங்கள் பட்டியலில் இதழ் எண் விடுபட்டிருந்தால் அது கேட்காமல் தானே ஓர் எண்ணைப் போட்டுவிடலாம். தலைப்பில் ஒரு சொல் அதற்குச் சரியாகப் படவில்லை என்றால் 'திருத்தி' விடலாம். 'இந்த வாக்கியத்துக்கு மேற்கோள் கொடு' என்று கேட்டால் நடந்தேயிராத ஆய்வை, இருக்கிற ஆசிரியர் பெயரில், இருக்கிற இதழில் எழுதிக் கொடுத்துவிடலாம். போன வருஷம் என் மேசைக்கு வந்த ஒரு பட்டியலில் டிஓஐ இணைப்பை, அதாவது கட்டுரையின் நிலையான இணைய முகவரியை, அழுத்தினேன். இதய நோய்க் கட்டுரை திறக்க வேண்டிய இடத்தில் இறால் வளர்ப்பு திறந்தது. அதன் சொந்தக்காரர் என்னைப் பார்த்து, 'இணைப்பு உடைந்திருக்கும்' என்றார்.

மனிதர்கள் மட்டும் யோக்கியமா? எல்சிவியர் பதிப்பகம் கட்டுரை எழுதுவோருக்கான வார்ப்புருவில் மாதிரிக்காக ஒரு மேற்கோள் வைத்திருந்தது. வான் டெர் கீர் முதலான மூவர், 2000ஆம் ஆண்டு, தொகுதி 163, பக்கம் 51-59. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. இதழும் கிடையாது. ஆனால் அழிக்க மறந்தவர்கள் புண்ணியத்தில் அது நூற்றுக்கணக்கான முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. ஏஐ பிறப்பதற்கு முன்பே நாம் பேயை மேற்கோள் காட்டியவர்கள்.

ஆகவே என் பதில்: கொடுக்கலாமா என்றால், கொடுக்க வேண்டாம். பிஎம்ஐடியை ஒட்டி ஸோட்டெரோ செய்யட்டும். அது ஊகிக்காது. பதிவில் இருப்பதை எடுத்து வரும், இல்லாததைக் காலியாக விடும். காலியிடம் கண்ணில் படும், நிரப்பிவிடலாம்.

ஜனவரி 19, அதிகாலை

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். நேற்று ஒருவர், 'அப்படியானால் ஸோட்டெரோவில் வந்தது எல்லாம் சரி' என்று முடிவு கட்டியிருக்கிறார். வடிவம் சரியாக வந்தால் மேற்கோள் சரி என்று ஆகாது.

1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தொகுதி 302, பக்கம் 123. மொத்தம் ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், போதை சார்ந்த வலி மருந்து ஒருமுறையாவது கொடுக்கப்பட்ட 11,882 பேரில் தெளிவாகப் பதிவான அடிமைத்தனம் நான்கு பேருக்குத்தான் என்றது கடிதம். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

பிறகு என்ன நடந்தது? அந்த ஐந்து வாக்கியத்தை எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்று 2017இல் அதே இதழில் ஒரு குழு கணக்குப் போட்டு வெளியிட்டது. 608 முறை. அதில் 72.2 விழுக்காடு, இந்த மருந்துகளால் அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டியது. 80.8 விழுக்காடு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் இந்த வகை மருந்துகளால், அதாவது ஓபியாய்டுகளால், வந்த நெருக்கடிக்கு இந்தத் தவறான எடுத்தாளுகையும் ஒரு காரணம் என்பது அந்தக் குழுவின் கருத்து.

608 பட்டியலிலும் அரைப்புள்ளி சரியாகத்தான் விழுந்திருக்கும். கடிதம் ஒரு பத்தி. படிக்க ஒரு நிமிடம் ஆகாது. முன்னால் எழுதியவர் பட்டியலிலிருந்து தூக்கித் தன் பட்டியலில் போட்டுக்கொண்டதால் வந்த வினை. தம்பி, உங்கள் 34இல் எத்தனையை முழுசாகத் திறந்து பார்த்தீர்கள்? சுருக்கத்தை மட்டும் பார்த்தவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றைப் படியுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். 34 இருந்தால்தான் கௌரவம் என்று எந்த இதழும் சொல்லவில்லை.

ஜனவரி 19, காலை 10.10

ரத்தானவை பற்றி. இதழே திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரைகளையும் மக்கள் எடுத்தாளுகிறார்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 லான்செட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை இன்று எடுத்தாண்டால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று சொல்லித்தான் எடுத்தாள வேண்டும். உங்கள் சேகரிப்பில் அப்படிப்பட்டது இருந்தால் ஸோட்டெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். பட்டையைப் பார்த்த பிறகும் மூடிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

ஜனவரி 21, இரவு

அட்டவணைக்குள் மேற்கோள் இருந்தால் எண் எப்படி என்று கேட்டவருக்கு: அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் எங்கே குறிப்பிடப்படுகிறதோ அந்த இடத்தைக் கணக்கில் கொண்டு எண் வரும். அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைத்தால் மென்பொருள் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். எழுதும்வரை அட்டவணையை உரிய இடத்திலேயே வைத்திருந்து, அனுப்பும் முன் நகர்த்துங்கள்.

நிறுவனம் ஆசிரியராக இருந்தால் நிறுவனத்தின் பெயரே முதலில். பழைய உதாரணம் நம் மாநிலத்திலேயே உண்டு. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து வைத்தியம் பார்ப்பதா, வீட்டிலேயே பார்ப்பதா என்று ஒப்பிட்ட சென்னை ஆய்வு 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது, தொகுதி 21, பக்கம் 51-144. ஆசிரியர் இடத்தில் மனிதர் பெயர் இல்லை, சென்னைக் காசநோய் வேதிமருத்துவ மையத்தின் பெயர்தான். அதை 'பெயரிலி' என்று ஏற்றிவைத்த பட்டியலைப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் பழைய கட்டுரைக்கு 'பிஎம்ஜே' என்று போடாதீர்கள். 1988க்கு முன் அந்த இதழுக்கு அந்தப் பெயர் இல்லை. புகைபிடிப்பையும் நுரையீரல் புற்றையும் இணைத்த டால், ஹில் இருவரின் 1950 கட்டுரை 'பிஆர் மெட் ஜே' என்றுதான் வர வேண்டும்.

ஜனவரி 24, காலை 7.30

முதல் நாள் நான் எழுதியதில் ஒன்றை மாற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இதழின் வடிவத்தை முதலில் பார் என்றேன். இப்போது பல இதழ்கள் முதல் சமர்ப்பிப்பில் எந்த வடிவமானாலும் ஏற்கின்றன, எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் போதும் என்கின்றன. அப்படிப்பட்ட இதழாக இருந்தால் வடிவத்துக்கு நேரம் செலவிடாமல் மேற்கோளின் உண்மைத்தன்மைக்குச் செலவிடுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு வடிவத்தை மாற்ற ஒரு சொடுக்கு. தம்பி அனுப்பிய இதழ் அந்த ரகம் இல்லை என்று தெரிகிறது. எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டு, அதையும் மேலே தூக்கி, முற்றுப்புள்ளிக்குப் பின்னால் வைக்கச் சொல்லும் ரகம்.

ஜனவரி 27, இரவு 9.15

தம்பி மீண்டும் அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். பட்டியல் 34இலிருந்து 26ஆக இறங்கியிருக்கிறது. எட்டை எடுத்தது நல்லது.

அனுப்பும் முன் மேற்கோள்களை வெறும் எழுத்தாக்கி, கோப்பில் ஸோட்டெரோ இணைப்பை அறுத்தீர்களா என்று கேட்டேன். 'அறுத்தேன், ஆனால் ஒரே கோப்பில்' என்கிறார். இணைப்போடு ஒரு பிரதி, அறுத்தது ஒரு பிரதி என்று இரண்டு இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் 'இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சேருங்கள்' என்பார், அப்போது இணைப்புள்ள பிரதி வேண்டும். கூட்டாசிரியருக்கும் சொல்லிவையுங்கள். அவர் கூகுள் டாக்ஸில் ஒட்டித் திருத்தி மறுபடி வேர்டில் ஒட்டினால் இணைப்பெல்லாம் வெறும் எழுத்தாகிவிடும். வேர்டிலிருந்து கூகுள் டாக்ஸுக்கு மாற்ற ஸோட்டெரோவிலேயே தனி வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 20, மாலை 6.40

ஏற்றுக்கொண்டார்களாம். அச்சுப் படி வந்திருக்கிறது, 48 மணி நேரம் கெடு, ஓரத்தில் கேள்விகள். 'மேற்கோள் 17 கட்டுரையில் எங்கும் இல்லை, இடம் காட்டவும்' என்பது ஒன்று. தம்பி பதறிப்போய்க் கடைக்கே வந்துவிட்டார், வெள்ளைப் பணியாரப் பொட்டலத்தோடு. திறந்து பார்த்தேன். 16-18 என்று கோடு போட்டுச் சேர்த்த இடத்தை அச்சுக் கோப்பவர்கள் 16,18 என்று மாற்றியிருந்தார்கள். ஓரக் குறிப்பில் 'காற்புள்ளியை எடுத்துக் கோடு போடவும்' என்று எழுதினோம். மேற்கோள் 9இல் ஒரு முதலெழுத்து விழுந்திருந்தது, அதையும் சேர்த்தோம். மீதி 24ஐ அவர் சத்தமாக வாசிக்க, நான் மூலத்தோடு ஒப்பிட்டேன். கடையடைக்கும் நேரத்துக்குள் அனுப்பியாகிவிட்டது.